ஈர மையா, உலர் பொடியா? வீட்டுக்கு பிரிண்டர் வாங்கும் முன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, பீரோவின் அடித்தட்டில் இருந்த காகிதங்களை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டது. ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பறக்காமல் இருக்கச் செங்கல் துண்டு வைத்தோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதில் இருந்தன. சில தாள்களில் சேறு படிந்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. சில தாள்களில் எழுத்து என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஊதாவும் ரோஸும் கலந்த ஒரு கறைதான் இருந்தது.

இரண்டு வகையும் ஒரே அரசு இணையதளத்தில் இருந்து இறக்கிய சான்றிதழ்கள்தான். தப்பித்தவை ஜெராக்ஸ் கடையில் எடுத்தவை. கரைந்தவை வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தவை.

யாராவது என்னிடம் வீட்டுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்டால் அந்த மொட்டைமாடிதான் கண்முன் வருகிறது. கடையில் போய் நின்றால் விலை, வேகம், வைஃபை, கலர் என்று பேச்சு ஆரம்பிக்கும். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் எழுத்தாக உட்காரும் பொருள் ஈரமா, உலர்ந்ததா என்று முதலில் பாருங்கள். இங்க்ஜெட்டில் அது திரவ மை. லேசரில் அது பிளாஸ்டிக் பொடி. பக்கத்துக்கு ஆகும் செலவு, இழுக்கும் மின்சாரம், படத்தின் அழகு, ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பட்டனை அமுக்கும்போது வேலை செய்யுமா என்பது எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தெருவுக்குத் தெரு நாம் சொல்கிற ஜெராக்ஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இந்த விஷயம் இருக்கிறது. கிரேக்கத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு உலர்ந்தது என்று பொருள். அமெரிக்காவில் காப்புரிமை ஆவணங்களை நகலெடுத்தே அலுத்துப்போன செஸ்டர் கார்ல்சன், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார். எழுத்து உள்ள கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, பொடியைத் தூவி, மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார். முதல் நகலில் இருந்தது அன்றைய தேதியும் அஸ்டோரியா என்ற பெயரும்தான். சொட்டு மை இல்லாமல் எழுதும் முறை என்பதால் பிற்பாடு அதற்கு ஜெரோகிராஃபி, அதாவது உலர் எழுத்து என்று பெயர் வந்தது. அந்த வழியில் வந்த ஜெராக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர், 1969 வாக்கில் விளக்கு வெளிச்சத்துக்குப் பதிலாக லேசர் கதிரால் எழுதவைத்தார். 1984இல் எச்பி தன் முதல் லேசர்ஜெட்டை, உள்ளே கேனான் எஞ்சினை வைத்து, மேஜைமேல் வைக்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. ஜங்ஷனில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஜெராக்ஸ் மிஷினும், வீட்டு லேசர் பிரிண்டரும் இந்த ஒரே குடும்பம்தான்.

உள்ளே நடப்பது இதுதான். டிரம் என்று ஒரு உருளை இருக்கிறது. அதன்மேல் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. எழுத்து வரவேண்டிய இடங்களில் மட்டும் லேசர் பட்டு மின்னூட்டம் மாறுகிறது. அந்த இடங்களில் டோனர் பொடி ஒட்டிக்கொள்கிறது. உருளை அதைத் தாளுக்கு மாற்றுகிறது. அந்த நேரத்தில் அது வெறும் பொடிதான், வாசலில் போட்ட கோலத்தைப் போல விரலால் துடைத்துவிடலாம். கடைசியில் ஃபியூசர் என்ற சூடான உருளைக்கு நடுவே தாள் போகும். ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் பொடி உருகி, தாளின் நாரோடு ஒட்டிக்கொள்கிறது. லேசர் தாள் வெளியே வரும்போது தோசைக்கல் பக்கத்தில் இருந்ததுபோல் சூடாக இருப்பது இதனால்தான். உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அத்தை வீட்டுத் தாள்கள் தப்பித்த காரணமும் அதுவே.

இங்க்ஜெட்டின் அழகு வேறு. 1977இல் கேனான் ஆய்வகத்தில், மை நிரப்பிய ஊசியின் நுனியில் சூடான சால்டரிங் அயர்ன் தவறிப் பட்டு, மை பீச்சியடித்ததாம். சூட்டால் மையைத் தெறிக்கவைக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. கேனான், எச்பி இரண்டின் வீட்டு இங்க்ஜெட்டுகளும் இந்த வழிதான்: கண்ணுக்குத் தெரியாத ஹீட்டர் மையை ஒரு கணம் கொதிக்கவைக்கும், குமிழி வரும், துளை வழியாக ஒரு சொட்டு வெளியே பாயும். எப்சன் வேறு வழி பிடித்தது. மின்சாரம் கொடுத்தால் வளைகிற ஒரு படிகத்தை வைத்து மையை நெருக்கித் தள்ளுகிறது. எந்த வழியானாலும் சொட்டின் அளவு ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் சில பங்குதான். அவ்வளவு சின்னச் சொட்டுகளை நான்கு நிறங்களில் பக்கம் பக்கமாக வைப்பதால்தான் முகத்தின் தோல் நிறமும், சேலையின் மினுக்கமும் அதில் வருகிறது. லேசரில் கலர் இருந்தாலும் போட்டோவுக்கு இந்தக் குழைவு வராது.

ஆனால் அந்தத் துளை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஈர மை அதன் வாயில் நின்றுகொண்டிருக்கிறது. நம்ம ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஓட்டு வீட்டு மாடி அறையில் ஒரு பிரிண்டர் மூன்று வாரம் சும்மா கிடந்தால் அந்த மை என்ன ஆகும்?

எனக்கு ஆனது இதுதான். மகளின் பள்ளி வேலைக்கென்று ஒரு டேங்க் பிரிண்டர், அதாவது பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் இங்க்ஜெட், வாங்கினோம். நல்ல மிஷின். பள்ளி நடக்கும்வரை ஓடியது. கோடை லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து ஜூன் மாதம் போட்டால் நீலம் சுத்தமாக வரவில்லை, கறுப்பு கோடுகோடாக வந்தது. டேங்கில் பாதிக்கு மேல் மை இருக்கிறது, தாளில் வரவில்லை. மைத்துளைகள் உள்ள பாகம்தான் ஹெட். அதைச் சுத்தம் செய்ய ஹெட் கிளீனிங் கொடுத்தேன். கொஞ்சம் தேறியது. மறுபடி கொடுத்தேன். நாலு, ஐந்து தடவை. இப்படியே அடுத்த வருஷமும் போனது. ஒரு நாள் இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்னி, மிஷின் நின்றுவிட்டது.

வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி அதைத் திறக்கும் முன்பே கேட்டார்.

“தம்பி, மாசத்துக்கு எத்தன நாள் இத ஓட்டுவிய?”

“எப்பமாவதுதான் அண்ணாச்சி. லீவுல சும்மாதான் கெடக்கும்.”

“அதான் விஷயம். இது ஓட ஓடத்தான் நல்லாருக்கும்.”

பிறகு பின்பக்கம் ஒரு ஸ்குரூவைக் கழற்றி, ஒரு பெட்டியை வெளியே இழுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் பஞ்சுப் பட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. வெள்ளையாக இருக்கவேண்டியவை கறுத்து, ஊறி, அமுக்கினால் மை வழிந்தது. “நீங்க வாங்குன மையில பாதி இங்கனதான் கெடக்கு, பாத்துக்கிடுங்க” என்றார்.

வேஸ்ட் இங்க் பேட் என்று அதற்குப் பெயர். ஹெட்டைச் சுத்தம் செய்ய மிஷின் ஒவ்வொரு தடவை உறிஞ்சும் மையும் இந்தப் பஞ்சில்தான் போய்ச் சேர்கிறது. எவ்வளவு போயிருக்கிறது என்று மிஷின் கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கு எல்லையைத் தொட்டால் பிரிண்ட் எடுக்க விடாது. பேடை மாற்றி ரீசெட் செய்யவேண்டும். சில மாடல்களில் இதை மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று தனியாகக் கழற்றும்படி வைத்திருக்கிறார்கள், நாமே புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது இது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விற்பவர் தானாகச் சொல்லமாட்டார். ஹெட்டும் அப்படித்தான். சிலவற்றில் ஹெட்டை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். சிலவற்றில் அது மிஷினோடு சேர்ந்தது, போனால் செலவு பெரிது.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை நாசில் செக், அதாவது துளைகளில் மை சரியாக வருகிறதா என்று காட்டும் தாள், எடுங்கள். ஒரே ஒரு தாள். நான்கு நிறத்திலும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரும். ஒரு படியும் விடுபடாமல் இருந்தால் சரி, கிளீனிங் வேண்டாம். விடுபட்டிருந்தால் ஒரு தடவை கிளீனிங் கொடுத்துவிட்டு, சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். அடுத்தடுத்துக் கொடுப்பதால் பஞ்சு ஊறுவதுதான் மிச்சம். இன்னொன்று, நிறுத்தும்போது மிஷினில் உள்ள பட்டனை அமுக்கி நிறுத்தவேண்டும். அப்போதுதான் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்து கிடந்து காயும்.

லேசரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏற்கெனவே காய்ந்த பொடிக்கு இனிக் காய என்ன இருக்கிறது? ஆறு மாதம் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வந்து போட்டாலும் முதல் தாளே கறுப்பாக வரும். மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்க, ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கே போய்வரும் பெற்றோர் பெருமாள்புரத்திலும் கேடிசி நகரிலும் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது கறுப்பு வெள்ளை லேசர்.

மை வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. டை மை என்பது சாயம் கரைந்த மை, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பிக்மென்ட் மை என்பது நுண்ணிய நிறத்துகள் மிதக்கும் மை, தாளில் காய்ந்தபின் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். கேனானின் ஜி வரிசை டேங்க் பிரிண்டர்கள் பலவற்றிலும் எச்பியின் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றிலும் கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலர் மூன்றும் டை. எப்சனின் எல்3110 போன்ற சின்ன மாடல்களில் நான்குமே டை. இ-சேவை சான்றிதழ்களில் இப்போது சரிபார்க்க க்யூஆர் கோடு இருக்கிறது. அது அதிகம் கரைந்துவிட்டால் ஸ்கேன் ஆகாது. வியர்த்த கையோடு பஸ்ஸில் எடுத்துப்போகும் தாளுக்கே இந்த ஆபத்து உண்டு, வெள்ளம் வரவேண்டும் என்றில்லை. அதனால் டேங்க் வாங்குவது என்று முடிவு செய்தால் கறுப்பு பிக்மென்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் செலவு. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், மைப்பெட்டியைக் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட்டைப் பார்த்து மயங்கவேண்டாம். சின்ன கார்ட்ரிட்ஜ் சிலவற்றில் கம்பெனியே சொல்லும் கணக்கு நூறு, நூற்றிருபது பக்கம்தான். கிளீனிங்குக்குப் போனது போக இன்னும் குறையும். ஒரு பக்கத்துக்கு ஆறு, ஏழு ரூபாய் என்று ஆகிவிடும். கடையில் எடுப்பதே மலிவு.

டேங்க் பிரிண்டர் வந்து இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் முதலில் விட்டுப் பார்த்த வகை இது. வெளிக்கடைகளில் டியூப் போட்டு பாட்டில் மை ஊற்றிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, கம்பெனியே தொட்டி வைத்து விற்க ஆரம்பித்தது. எப்சனின் 65 மில்லி கறுப்பு பாட்டிலுக்கு 4,500 பக்கம் கணக்கு, கேனானின் 135 மில்லி பாட்டிலுக்கு 6,000 பக்கம். பக்கத்துக்குப் பத்து, பதினைந்து பைசாதான் ஆகிறது. மிஷின் விலை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

லேசரில் ஒரிஜினல் டோனர் போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல்கூட வரும். ஆனால் நம் ஊரில் யார் ஒரிஜினல் போடுகிறார்கள்? எச்பி 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும் பழைய மாடல்கள். ஆனாலும் வக்கீல் ஆபீஸ், பத்திரம் எழுதும் இடம், டைப்பிங் கடை என்று எங்கு பார்த்தாலும் இன்றும் ஓடுகின்றன. இவற்றில் போடும் 12ஏ டோனர் கார்ட்ரிட்ஜ் என்றால் எந்த ரீஃபில் கடைப் பையனும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். 2,000 பக்கத்துக்கான பொடி சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் டேங்குக்கும் லேசருக்கும் பக்கக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ரீஃபில் செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். 12ஏ போன்றவற்றில் டிரம்மும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும். மூன்று, நான்கு ரீஃபிலுக்குப் பிறகு டிரம் தேய்ந்து, தாளில் ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அதே புள்ளி திரும்பத் திரும்ப வரும். அது பொடியின் குற்றமல்ல, டிரம் மாற்றவேண்டும். பிரதர் போன்ற கம்பெனிகளின் மிஷின்களில் டிரம் தனி, டோனர் தனி. டோனர் 2,600 பக்கம் என்றால் டிரம் 12,000 பக்கம் வரை போகும். புதிய மாடல்கள் சிலவற்றில் டோனரில் சிப் வைத்து வெளிப்பொடியை ஏற்காமல் செய்துவிடுகிறார்கள். கடையில் பணம் கட்டும் முன் உங்கள் ரீஃபில் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கில் எல்லோரும் மறப்பது தாளை. 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஏ4 வாங்கினால் ஒரு தாள் அரை ரூபாய்க்கு மேல் விழுகிறது. அதாவது டேங்க் மையைவிடத் தாள்தான் விலை. அதனால் இரண்டு பக்கமும் தானாக அச்சடிக்கும் டூப்ளெக்ஸ் இருந்தால் மாதாமாதம் கையில் காசு நிற்கும். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் இருந்து வரும் டிஎன்பிஎல் தாள் இங்க்ஜெட், லேசர் இரண்டுக்கும் பொருந்தும், வெளியூர்த் தாள் தேடவேண்டியதில்லை.

மின்சாரம் என்று வந்தால் இங்க்ஜெட்டுக்கு ஒரு சின்ன எல்இடி பல்பு எரியும் அளவு போதும். லேசரின் ஃபியூசர் சூடேறும்போது இஸ்திரிப் பெட்டி மாதிரி இழுக்கும். சில நொடிதான், ஆனால் அந்த நொடியில் ஆயிரம் வாட்டை நெருங்கும். பிரிண்ட் கொடுத்தவுடன் டியூப்லைட் மங்கி எழுவதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் லேசரைச் சொருகாதீர்கள், கீச்சென்று கத்தி நின்றுவிடும். வோல்டேஜ் குறைவாக வரும் கிராமத்து வீடுகளில், கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் எடுக்கவேண்டி வரும் என்றால் இங்க்ஜெட்தான் தாங்கும்.

ஒரே மாவட்டமாக இருந்து 2019 நவம்பரில் பிரிந்த திருநெல்வேலியும் தென்காசியும் பிரிண்டர் விஷயத்திலும் இரண்டு சீமைதான். ஆனி, ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் தூசி கதவிடுக்கில்கூட வரும். அங்கே பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் திறந்த தாள் தட்டு உள்ள மிஷினில் மண் துகள் தாளோடு சேர்ந்து உள்ளே போகிறது. கீழே டிராயர் மாதிரி மூடிய தட்டு உள்ளதாக வாங்குவது நல்லது. அதே மாதத்தில் செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல். அங்கே மை காயும் பயம் குறைவு. ஆனால் தாள் ஈரம் குடித்துவிடும். இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கும், லேசரில் வெளியே வரும்போது சுருளும். தென்காசியில் இருக்கும் என் அக்கா ரீமைப் பிரித்தால் தேவையான இருபது தாளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை முறுக்கு டின்னில் போட்டு மூடிவிடுவாள். அவள் வீட்டில் தாள் சிக்கி நான் பார்த்ததில்லை.

லேசருக்கும் குறைகள் உண்டு, அதையும் சொல்லவேண்டும். லேசரில் எடுத்த தாளைப் பிவிசி கவர் உள்ள ஃபைலில் வைத்துப் பீரோவில் பூட்டினால், நம் வெயிலுக்கு எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு, தாளை உருவும்போது உரிந்து வரும். எதிர் வீட்டுச் சித்தப்பாவின் பென்ஷன் ஆர்டர் நகல் ஒன்றில் பாதிப் பத்தி கண்ணாடிக் கவரில் தலைகீழாகப் படிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காகித ஃபைலோ, கெட்டியான பாலிபுரொப்பிலீன் கவரோ போதும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசருக்குள் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மேலே உள்ள பூச்சு உருகி ஃபியூசரில் சுற்றிக்கொள்ளும். டோனர் பொடி தரையில் கொட்டினால் சுடுதண்ணீர் வேண்டாம், சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணி, பிறகு பச்சைத் தண்ணீர்.

கலர் வேண்டுமா என்பதைக் குழந்தைகள்தான் முடிவு செய்கிறார்கள். கட்டபொம்மன், பூலித்தேவன், வ.உ.சி., வாஞ்சிநாதன் என்று நம் மண்ணின் படங்கள் ஒட்டி சார்ட் கொண்டுவரச் சொல்வார்கள், அதுவும் இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளை வாயைத் திறக்கும். ஆறாம் வகுப்புக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாரம் ஒரு கலர் பக்கமாவது போகும். அந்த வீட்டுக்கு டேங்க் இங்க்ஜெட்தான் சரி. மிஷின் ஓடிக்கொண்டே இருப்பதால் மை காயவும் காயாது. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் தேவை மாறிவிடும். மாதிரி வினாத்தாள், குறிப்புகள், டிஎன்பிஎஸ்சி பழைய கேள்விகள், எல்லாம் கறுப்பு எழுத்து, கட்டுக்கட்டாக. அதற்கு லேசர். டியூஷன் எடுக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் டூப்ளெக்ஸ் உள்ள லேசரே.

மாதம் நாற்பது பக்கத்துக்குக் கீழே, ஜெராக்ஸ் கடை கூப்பிடு தூரத்தில் என்றால், இரண்டுமே வாங்கவேண்டாம். பக்கம் மூன்று ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. பன்னிரண்டாயிரம் ரூபாய் மிஷின் அந்தக் காசை எடுக்க எட்டு வருஷம் ஆகும். ஆனால் ஒரு பிரிண்ட் அவுட்டுக்கு மினிபஸ் ஏறி அம்பைக்கோ நாங்குநேரிக்கோ போய்வரும் வீடு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. போன பஸ் திரும்பி வரும்வரை நிற்கிற அரை நாளையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

என் வீட்டில் இப்போது இருப்பது ஒரு கறுப்பு வெள்ளை லேசர். போட்டோ வேண்டுமென்றால் ஸ்டுடியோவில் கொடுத்துவிடுகிறேன். பழைய டேங்க் பிரிண்டரை அண்ணாச்சி பஞ்சு மாற்றிச் சரிசெய்து கொடுத்தார். அதை அக்கா வீட்டுக்குத் தென்காசிக்கு அனுப்பினேன். அவள் பிள்ளைகள் சின்னவர்கள், தினமும் எதையாவது கலரில் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாசில் செக் தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். நான்கு நிறத்திலும் படி விடுபடாமல் இருக்கிறது.